பறக்கும் மனிதனை நம்பவைத்தல்: 1978ஆம் ஆண்டின் ‘சூப்பர்மேன்’ குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

லோயிஸ் லேனின் வீட்டு வரவேற்பறையில் நிகழும் ஒரு சிறிய காட்சியிலிருந்து இந்த ஆய்வைத் தொடங்குகிறேன். சூப்பர்மேனோடு வானில் பறந்து திரும்பிய மயக்கம் அவளுக்கு இன்னும் தெளியவில்லை. அவளை வெளியே அழைத்துச் செல்வதாக முன்பே சொல்லியிருந்த கிளார்க் கென்ட், அதாவது தன் ஆற்றல்களை மறைத்து அவளோடு செய்தியாளனாக வேலை செய்யும் அதே சூப்பர்மேன், கதவைத் தட்டி உள்ளே வருகிறான். அவள் உள்ளறைக்குப் போனதும் அவன் தனியே நிற்கிறான். கூனியிருந்த முதுகு மெல்ல நிமிர்கிறது, தோள்கள் விரிகின்றன, மூக்குக் கண்ணாடி கைக்கு வருகிறது, அவளிடம் பேசத் தொடங்கும் குரல் ஒரு படி இறங்கிக் கனக்கிறது. உண்மையைச் சொல்லிவிடப் போகிறான் என்று நாம் எதிர்பார்க்கும் அந்த நொடியில் அவனுடைய துணிவு கைவிட்டுப் போகிறது. முதுகு மறுபடி வளைகிறது, கண்ணாடி மூக்கில் ஏறுகிறது, குரல் பழைய தடுமாற்றத்துக்குத் திரும்புகிறது. இந்தக் காட்சியில் கம்பி கிடையாது, பின்திரை கிடையாது, தந்திரக்காட்சி எதுவும் கிடையாது. கிறிஸ்டோபர் ரீவ் என்ற நடிகரின் முதுகெலும்பும் குரல்வளையும் மட்டுமே வேலை செய்கின்றன.

மீநாயகப் படங்களை மதிப்பிடும்போது நடிகர் தேர்வுக்கு ஒரு மதிப்பெண், தொனிக்கு ஒரு மதிப்பெண், கதைக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியே கொடுத்துக் கூட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ரிச்சர்ட் டானர் இயக்கி 1978 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவில் வெளியான ‘சூப்பர்மேன்’ படத்தை அப்படி மதிப்பிட முடியாது என்பதே என் வாதம். இந்தப் படத்தின் தொனி நான்கு துண்டுகளாக உடைந்து கிடக்கிறது. அதன் கதை, முடிவுக்கு வரும்போது, தானே போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்து வீசிவிடுகிறது. இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் 143 நிமிடம் ஓடும் இப்படம் சிதறாமல் நிற்கிறதென்றால், நடுவில் நிறுத்தப்பட்ட ஒரு மனிதரே அதற்குக் காரணம். அந்த நடிகர் தேர்வு எதையெல்லாம் தாங்கியது, எதைத் தாங்க முடியாமல் போனது என்று பார்ப்பதுதான் இப்படத்தை மதிப்பிடுவதற்கான நேரான வழி என்று கருதுகிறேன்.

பின்னணி

ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் படைத்த சூப்பர்மேன் 1938இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் தோன்றினான். 1948இல் திரையரங்குத் தொடர்படமாகவும் 1952 முதல் 1958 வரை தொலைக்காட்சித் தொடராகவும் வந்தான். ஆனால் 1970களில் ஒரு படத் தயாரிப்பாளரின் மனத்தில் முன்னே நின்றது இவற்றில் எதுவுமன்று. 1966இல் தொடங்கிய பேட்மேன் தொலைக்காட்சித் தொடர்தான். வேண்டுமென்றே மிகைப்படுத்தி, கதைநாயகனைப் பார்த்துக் கதையே சிரிக்கும் அந்தத் தொனி, முகமூடியும் மேலங்கியும் போட்ட எவரையும் அப்படித்தான் காட்ட முடியும் என்ற எண்ணத்தை விதைத்துவிட்டது.

அலெக்சாண்டர் சால்கைண்ட், அவர் மகன் இல்யா சால்கைண்ட், பியர் ஸ்பெங்லர் ஆகிய தயாரிப்பாளர்கள் மாரியோ பூசோவிடம் திரைக்கதை எழுதி வாங்கினார்கள். பிறகு டேவிட் நியூமன், லெஸ்லி நியூமன், ராபர்ட் பென்டன் ஆகியோர் அதைத் திருத்தினார்கள். இரண்டு படங்களை ஒரே நேரத்தில் எடுப்பது திட்டம். முதலில் அமர்த்தப்பட்ட இயக்குநர் கை ஹாமில்டன், படப்பிடிப்பு இத்தாலியிலிருந்து இங்கிலாந்துக்கு மாறியதால் விலக நேர்ந்தது. 1976இல் ஒரு திகில் படத்தின் பெரும் வெற்றியால் கவனம் பெற்றிருந்த டானர் அந்த இடத்துக்கு வந்தார்.

தம் கைக்கு வந்த திரைக்கதையில் டானர் கண்டது பேட்மேன் தொடரின் நிழலை. மொட்டைத் தலை வில்லன் லெக்ஸ் லூதரைத் தேடிப் பறக்கும் சூப்பர்மேன் தெருவில் ஒரு மொட்டைத் தலையரைப் பாய்ந்து பிடிக்க, அவர் தொலைக்காட்சித் துப்பறிவாளராகப் புகழ்பெற்ற டெலி சவாலஸாக இருப்பார் என்பது போன்ற வேடிக்கைகள் அதில் நிறைந்திருந்தன. டானர் தம் நண்பர் டாம் மான்கீவிச்சை அழைத்துத் திரைக்கதையை மாற்றி எழுதவைத்தார். ‘வெரிசிமிலிட்யூட்’ என்ற சொல்லைப் படக்குழுவின் தாரக மந்திரமாக்கினார். உண்மை என்பதைவிட மெய்போலத் தோன்றுதல் என்பதே அச்சொல்லுக்கு நெருங்கிய பொருள். நடக்க முடியாத ஒன்று நடக்கும்போது அதைச் சுற்றியுள்ள எல்லாம் நடக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பதே அவர் வகுத்த விதி. அந்த விதியைக் கொண்டே இந்தப் படத்தை அளப்பது நியாயம்.

தெரிந்த முகங்களும் தெரியாத முகமும்

நடிகர் தேர்வில் தயாரிப்பாளர்கள் பணத்தை எங்கே கொட்டினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. சூப்பர்மேனின் தந்தை ஜோர்-எல்லாக நடித்த மார்லன் பிராண்டோவுக்கு இரு வாரத்துக்கும் குறைவான படப்பிடிப்புக்காக 37 லட்சம் டாலரும் வருவாயில் பங்கும் பேசப்பட்டன. லெக்ஸ் லூதராக ஜீன் ஹாக்மன் 20 லட்சம் டாலருக்கு ஒப்பந்தமானார். கதைநாயகனாக நடித்த ரீவுக்குக் கிடைத்ததோ இரு படங்களுக்கும் சேர்த்து 2.5 லட்சம் டாலர். படத்தின் தலைப்பு எழுத்துகளில்கூட பிராண்டோ முதலாவதாகவும் ஹாக்மன் இரண்டாவதாகவும் வருகிறார்கள். ரீவின் பெயர் அவர்களுக்குப் பிறகே வருகிறது.

இதை அநீதி என்று மட்டும் பார்த்தால் ஒரு நல்ல முடிவைத் தவறவிட்டுவிடுவோம். ராபர்ட் ரெட்ஃபோர்ட், பால் நியூமன் போன்ற நட்சத்திரங்களும் முதலில் அணுகப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் நீல உடையில் வானேறியிருந்தால், பறப்பது அந்த நட்சத்திரம்தான் என்ற நினைப்பு பார்வையாளரை விட்டு நீங்கியிருக்காது. தெரிந்த முகங்களைச் சுற்றிலும் வைத்து நடுவில் தெரியாத முகத்தை நிறுத்தியதில் ஓர் அறிவு இருக்கிறது. பிராண்டோவின் பெயர் மக்களைத் திரையரங்குக்கு இழுத்தது. உள்ளே வந்து அமர்ந்தவர்கள் ரீவைப் பார்த்தபோது, ஒப்பிடுவதற்கு அவருடைய வேறொரு முகம் அவர்கள் நினைவில் இல்லை.

நடிகர் தேர்வாளர் லின் ஸ்டால்மாஸ்டர் ரீவின் பெயரை முன்வைத்தபோது அவருக்கு வயது 24. ஜூலியர்டு நாடகப் பள்ளியில் பயின்று மேடையில் நடித்துக்கொண்டிருந்தவர். உயரம் இருந்தது, சதை இல்லை. உடைக்குள் பொய்த் தசையை வைத்துத் தைக்கலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் வில்லன் டார்த் வேடரின் கறுப்பு உடைக்குள் இருந்தவரான டேவிட் பிரவுஸிடம் பயிற்சி பெற்று உடலை ஏற்றினார். ஆனால் அந்த உடலைவிட அவர் கிளார்க்குக்காகச் செய்த கட்டமைப்புதான் படத்துக்கு உயிர் கொடுத்தது. 1938ஆம் ஆண்டின் நகைச்சுவைப் படமொன்றில் கேரி கிராண்ட் ஏற்ற தடுமாறும் அறிவியலாளர் பாத்திரத்தை முன்மாதிரியாகக் கொண்டதாக ரீவ் பின்னாளில் எழுதியிருக்கிறார். சூப்பர்மேன் அச்சில் பிறந்ததும் அதே 1938தான் என்பது ஓர் இனிய பொருத்தம்.

இரட்டை வேடப் படங்களைப் பார்த்து வளர்ந்த தமிழ்ப் பார்வையாளருக்கு இந்த உழைப்பின் அருமை எளிதில் விளங்கும். கன்னத்தில் ஒரு மச்சம் வைத்தால் ஆள் வேறாகிவிட்டான் என்று ஒப்புக்கொள்ளும் மரபு நமக்குப் பழக்கமானது. ஆனால் நல்ல இரட்டை வேடம் மச்சத்தில் இல்லை, நடையிலும் நிற்கும் விதத்திலும் மூச்சு விடும் வேகத்திலும் இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். ‘ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் யாருக்கும் அடையாளம் தெரியாதா’ என்ற கேள்வி இக்கதை பிறந்த நாள்முதல் கேட்கப்பட்டு வருகிறது. வேறு யாரும் தராத விடையை ரீவ் தந்தார். அவருடைய கிளார்க் உயரத்திலேயே குறைந்தவனாகத் தெரிகிறான். குரல் மூக்கில் ஏறுகிறது, தலைவாரலின் வகிடு பக்கம் மாறுகிறது, கைகள் தமக்கான இடத்தைத் தேடி அலைகின்றன. கண்ணாடி இந்த மாற்றங்களுக்கெல்லாம் இறுதியில் வந்து சேரும் ஒரு சிறு துணை, அவ்வளவே.

லோயிஸாக மார்கோ கிடர் தேர்ந்தெடுக்கப்பட்டதும் இதே அளவுக்குச் சரி. காப்பாற்றப்படுவதற்காகவே காத்திருக்கும் பெண்ணாக இல்லாமல், எழுத்துப்பிழையோடு தட்டச்சு செய்துகொண்டே செய்திக்குப் பின்னால் ஓடும், எதிரே நிற்பவரின் பேச்சை முடிக்கவிடாத செய்தியாளராக அவர் இருக்கிறார். அவருடைய கரகரத்த குரலும் பொறுமையின்மையும் இல்லையென்றால் ரீவின் சாந்தம் மந்தமாகத் தோன்றியிருக்கும். இருவரும் வேலை செய்யும் டெய்லி பிளானட் செய்தித்தாள் அலுவலகக் காட்சிகளில் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசும் விரைவு, அமெரிக்காவின் பழைய நகைச்சுவைக் காதல் படங்களிலிருந்து நேராக வந்தது. கிளார்க்கின் வளர்ப்புத் தந்தை ஜொனத்தன் கென்ட்டாகக் கிளென் ஃபோர்டு சில நிமிடங்களே வருகிறார். ஆயினும் படத்தின் அறம் முழுவதும் அந்தச் சில நிமிடங்களில்தான் ஊன்றப்படுகிறது. பதின்பருவக் கிளார்க்காக நடித்த ஜெஃப் ஈஸ்ட்டின் குரலுக்குப் பதிலாக ரீவின் குரலே சேர்க்கப்பட்டது. அந்த நடிகருக்கு இது வருத்தமளித்திருக்கும். பாத்திரத்தின் தொடர்ச்சிக்கு உதவியதா என்றால், ஓரளவுக்கு உதவியது என்றே சொல்வேன்.

ஹாக்மனைப் பற்றித் தயக்கமின்றிப் பாராட்ட என்னால் முடியவில்லை. அவர் மாபெரும் நடிகர். ஆனால் தலையை மழிக்க அவர் விரும்பாததால் லூதர் படம் முழுவதும் விதவிதமான பொய்முடிகளில் உலவுகிறான். மொட்டைத் தலை இறுதியில் சிறைக்காட்சியில்தான் வெளிப்படுகிறது. அதை அவனுடைய தற்பெருமையின் அடையாளமாகத் திரைக்கதை மாற்றிக்கொண்டது கெட்டிக்காரத்தனம்தான். இருப்பினும் இது பாத்திரத்துக்காக நடிகர் வளைந்த இடமன்று, நடிகருக்காகப் பாத்திரம் வளைந்த இடம். ரீவிடம் நடந்ததற்கு இது நேரெதிர். படத்தில் அந்த வேறுபாடு தெரிகிறது.

நான்கு உலகங்கள்

தொனியைப் பொறுத்தவரை, டானர் நான்கு வெவ்வேறு படங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்திருக்கிறார் என்று சொன்னால் மிகையாகாது. முதலாவது சூப்பர்மேன் பிறந்த கிரிப்டான் கோள். வடிவமைப்பாளர் ஜான் பாரி அதை வெண்பளிங்கும் பனியுமாக உருவாக்கினார். அங்கு வாழ்வோரின் உடைகள் விழும் ஒளியை வந்த வழியே திருப்பியனுப்பும் திரைத் துணியால் செய்யப்பட்டதால் அவர்கள் உள்ளிருந்தே ஒளிர்வதுபோல் தெரிகிறார்கள். பேச்சு மேடை நாடகத்தின் கனத்தோடு நடக்கிறது. இரண்டாவது அவன் வளர்ந்த சிற்றூரான ஸ்மால்வில். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் படமாக்கப்பட்ட கோதுமை வயல்களும் நீண்ட அடிவானமும், ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி அன்ஸ்வர்த்தின் மென்மையான, சற்றே பனிபடர்ந்த ஒளியும் அந்தப் பகுதியை ஒரு நினைவைப் போல ஆக்குகின்றன. படம் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன் அன்ஸ்வர்த் காலமானார். படம் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. மூன்றாவது அவன் வேலை செய்யும் பெருநகரமான மெட்ரோபோலிஸ், நியூயார்க்கின் தெருக்களே அந்தப் பெயரில் வருகின்றன. நான்காவது லூதரின் நிலத்தடி மாளிகை.

முதல் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. கனம் படிப்படியாகக் குறைந்து வேகம் படிப்படியாகக் கூடுகிறது. கிரிப்டானிலிருந்து குழந்தை கீழே இறங்குவதைப் போலவே தொனியும் வானத்திலிருந்து மண்ணுக்கு இறங்குகிறது. சூப்பர்மேன் மக்கள் கண்முன் முதன்முதலாகப் பறப்பதற்குள் ஒரு மணி நேரம் கடந்துவிடுகிறது. இன்றைய படங்கள் இந்தப் பொறுமையைக் காட்டுவதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் ஓர் உலகத்தின் அழிவையும் ஒரு தந்தையின் இறப்பையும் ஒரு தாயின் பிரிவையும் பார்த்துவிட்டதால்தான், கட்டட உச்சியிலிருந்து தொங்கும் ஹெலிகாப்டரிலிருந்து லோயிஸ் விழும்போது அவளைப் பிடிக்க ஒருவன் மேலெழுவதை நாம் வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. உடை மாற்றத் தொலைபேசிக் கூண்டைத் தேடும் கிளார்க், பாதி உடல் மட்டும் மறையும் புதுவகைத் தொலைபேசியைப் பார்த்து ஒரு கணம் திகைத்து நிற்பான். பழைய கதைகளை அறிந்தவர்களுக்கான சிறு புன்னகை அது; நாயகனை அது சிறுமைப்படுத்துவதில்லை.

பறத்தல் காட்சிகளும் தொனியின் பகுதியே. ஒளிப்படக்கருவியிலும் ஒளிவீழ்த்தியிலும் ஒரே சமயத்தில் இயங்கும் இரட்டை ஜூம் வில்லைகளை வைத்து, நடிகர் அருகே வருவதுபோலவும் விலகுவதுபோலவும் தோன்றச் செய்யும் முறையை ஜோரன் பெரிசிச் உருவாக்கினார். இந்தப் படத்தின் தந்திரக்காட்சிகள் சிறப்பு ஆஸ்கர் விருதையும் பெற்றன. என்றாலும் எத்தனை நுட்பம் இருந்தாலும் தொங்கும் மனிதன் தொங்கும் மனிதனாகவே தெரிவான். அவனுடைய உடல் காற்றோடு பேச வேண்டும். விமானம் ஓட்டத் தெரிந்த ரீவ், திரும்பும்போது தோளைச் சாய்த்து, இறங்கும்போது முதுகை வளைத்து, அந்த உரையாடலைத் தம் உடலால் நிகழ்த்தினார். ஜான் வில்லியம்ஸின் இசை அதற்குச் சிறகு கொடுத்தது. லோயிஸும் அவனும் சேர்ந்து பறக்கும் காட்சியில் மட்டும், பாடலாக எழுதப்பட்ட வரிகளைக் கிடர் மனக்குரலாகச் சொல்லும் இடம் தொனியை நழுவவிடுகிறது. இசையும் இரு முகங்களுமே போதுமானதாக இருந்த ஒரு தருணத்தில் சொற்கள் தேவைக்கு மேல் வந்து விழுகின்றன.

தொனியின் உண்மையான சோதனை நேர்காணல் காட்சியில் நடக்கிறது. நீ எதற்காக இங்கே இருக்கிறாய் என்று லோயிஸ் கேட்கும்போது, உண்மைக்காகவும் நீதிக்காகவும் அமெரிக்க நெறிக்காகவும் போராட வந்திருப்பதாக அவன் சொல்கிறான். வியட்நாம் போர் தோல்வியில் முடிந்து மூன்று ஆண்டுகளும், வாட்டர்கேட் ஊழலால் ஒரு குடியரசுத் தலைவர் பதவி விலகி நான்கு ஆண்டுகளும் ஆகியிருந்த நாட்டில் அந்த வரியை நேர்முகமாகச் சொல்வது எத்தனை ஆபத்தானது! திரைக்கதை அதை அறிந்திருக்கிறது. அப்படியானால் நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒவ்வொருவரோடும் நீ மோத வேண்டியிருக்கும் என்று லோயிஸ் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். நம்முடைய ஐயத்தை அவள் வாயில் வைத்துவிட்டு, அந்த ஐயத்தால் சற்றும் கலங்காத முகமாக ரீவின் முகத்தைப் படம் காட்டுகிறது. அவர் அந்த வரியை முழக்கமாகச் சொல்லவில்லை. முகவரி கேட்டவருக்குத் தெருப்பெயரைச் சொல்வதுபோல இயல்பாகச் சொல்கிறார். அந்த இயல்பில்தான் டானரின் விதி முழு வெற்றி பெறுகிறது.

நான்காவது உலகமான லூதரின் மாளிகையில் அதே விதி பலவீனமடைகிறது. நெட் பீட்டி நடித்த அடியாள் ஓட்டிஸும், வாலரி பெரைன் நடித்த மிஸ் டெஸ்மாக்கரும், லூதரும் சேர்ந்தால் அங்கே நாடகக் கோமாளித்தனம் நடக்கிறது. இந்தக் கோமாளிகள்தாம் தங்களைத் தேடிவந்த துப்பறிவாளர் ஒருவரை ஓடும் ரயிலின் முன் தள்ளிக் கொல்கிறார்கள் என்பதையும், கோடிக்கணக்கான மக்களைக் கடலில் அமிழ்த்தத் திட்டமிடுகிறார்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால் பார்வையாளருக்கு எதை நம்புவது என்று தெரியாமல் போகிறது. நீக்கப்பட்ட டெலி சவாலஸ் வேடிக்கையின் தம்பிமார்கள் இந்த மாளிகையில் மட்டும் குடியிருக்கிறார்கள். ஹாக்மன் சூப்பர்மேனின் கழுத்தில் அவன் வலுவை உறிஞ்சும் கிரிப்டோனைட் கல் கோத்த சங்கிலியை மாட்டி நீச்சல் குளத்தில் தள்ளும்போது சில நொடிகளுக்கு உண்மையான குரூரம் அவர் கண்ணில் மின்னுகிறது. அந்தக் கண்ணை இன்னும் அரை மணி நேரம் முன்பே காட்டியிருந்தால் படத்தின் பிற்பகுதி வேறாக இருந்திருக்கும் என்பது ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு உண்டாகும் ஏக்கம்.

முடிச்சும் அவிழ்ப்பும்

கதையில் சில ஓட்டைகளை விரைந்து கடந்துவிடலாம். கிரிப்டான் வெடித்ததைப் பற்றி லோயிஸ் எழுதிய நேர்காணலைப் படித்த லூதர், அதன் சிதறலொன்று பூமியில் விழுந்திருக்கும், அது சூப்பர்மேனைக் கொல்லும் என்று ஒரே தாவலில் ஊகித்து எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் கிடந்த விண்கல்லைக் கண்டுபிடிக்கிறான். தாவல் பெரிது, ஆனால் அவளுடைய காதலே அவனுடைய ஆபத்துக்கு வழி திறக்கிறது என்ற உள்ளிணைப்பு நன்று. படத்தின் தொடக்கத்தில் ஜோர்-எல் விசாரித்துத் தண்டிக்கும் மூன்று குற்றவாளிகள் பின்னர் தலைகாட்டுவதே இல்லை. அவர்கள் இரண்டாம் படத்துக்கானவர்கள் என்பது வெளியே இருந்து தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியாகிவிடுகிறது.

நின்று ஆராய வேண்டியது இறுதிப் பகுதி. லூதர் இரண்டு ஏவுகணைகளைத் திசைதிருப்புகிறான். ஒன்று கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவை நோக்கிப் போகிறது; கடற்கரை கடலில் மூழ்கினால் அவன் மலிவாக வாங்கிய பாலைநிலம் புதிய கடற்கரையாகும். மற்றொன்று கிழக்கே ஹேக்கன்சாக் நகரை நோக்கிப் போகிறது. டெஸ்மாக்கரின் தாய் அங்கேதான் வாழ்கிறாள். சங்கிலியை அவிழ்த்துவிடும் டெஸ்மாக்கர், முதலில் தன் தாயைக் காப்பாற்ற வேண்டும் என்று வாக்குக் கேட்கிறாள். அவன் பொய் சொல்லமாட்டான் என்பதை நம்பித்தான் கேட்கிறாள். தான் பொய் சொல்வதில்லை என்று லோயிஸிடம் அவனே நேர்காணலில் சொல்லியிருக்கிறான். அவன் வாக்கைக் காக்கிறான். அதனாலேயே மேற்குக்குத் தாமதமாக வருகிறான். நிலம் பிளக்கிறது, ரயில் தண்டவாளம் அறுகிறது, அணை உடைகிறது. ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருக்கும்போது லோயிஸின் கார் பிளவில் சிக்கி, மண் சரிந்து, அவள் மூச்சடைத்து இறக்கிறாள்.

இத்தனை நேர்த்தியான துன்பியல் முடிச்சை இந்த வகைப் படங்களில் நான் அதிகம் கண்டதில்லை. அவனை வீழ்த்தியது அவன் எதிரியின் பலமன்று, அவனுடைய சொந்த வாய்மை. கோமாளிக் கூட்டத்தில் ஒருத்தியாக இருந்த டெஸ்மாக்கரின் தாய்ப்பாசமும் அதில் பங்கேற்பதால், தொனியில் பிரிந்து கிடந்த இரு உலகங்கள் கதையில் இங்கே ஒன்றுசேர்கின்றன. லோயிஸின் உடலைக் காரிலிருந்து எடுத்துத் தரையில் கிடத்தி ரீவ் எழுப்பும் ஓலம், படம் அதுவரை அவரிடம் கேட்காத ஒன்று. சாந்தமே உருவான முகம் முதன்முறையாகச் சிதைகிறது.

அவன் வானேறுகிறான். மனித வரலாற்றில் தலையிடுவது உனக்கு விலக்கப்பட்டது என்ற ஜோர்-எல்லின் குரல் கேட்கிறது. நீ ஏதோ ஒரு காரணத்துக்காகவே இங்கே வந்திருக்கிறாய் என்ற ஜொனத்தனின் குரலும் கேட்கிறது. அவன் வளர்த்த தந்தையின் பக்கம் சாய்கிறான். பூமியைச் சுற்றிப் பறக்கிறான். பூமி எதிர்ப்புறம் சுழல, காலம் பின்னோக்கிப் போகிறது. லோயிஸ் உயிரோடு இருக்கிறாள்.

பூமியைத் திருப்பிச் சுழற்றினால் காலம் திரும்புமா என்ற அறிவியல் கேள்வியைத்தான் பலரும் இங்கே எழுப்புகிறார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மனிதன் பறப்பதை ஒப்புக்கொண்ட பிறகு காலம் திரும்புவதையும் ஒப்புக்கொள்ளலாம். இரு தந்தையருக்கு இடையில் மகன் தேர்வு செய்வதாக அந்தக் கணத்தை அமைத்ததும் கருத்தளவில் மிகச் சரி. பிராண்டோவின் கனத்த குரலுக்குக் கொடுத்த பெருந்தொகை இங்கேதான் பயன்படுகிறது, ஏனென்றால் அந்தக் குரல் விதித்த தடையை மீறுவது நமக்கே அச்சமூட்டுகிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. மீறப்பட்ட தடைக்கு விலை எதுவும் கேட்கப்படவில்லை. கோள்களைக் கடந்து வந்த ஒரு தந்தையின் கட்டளையை மீறியவனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

அதைவிட ஆழமான சேதம் பின்னோக்கிச் சென்று ஸ்மால்வில் பகுதியைத் தாக்குகிறது. ஜொனத்தன் மாரடைப்பால் களத்துமேட்டருகே சாய்ந்து இறந்த பின், கல்லறையருகே நிற்கும் இளம் கிளார்க், தன்னிடம் இத்தனை ஆற்றல்கள் இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று தாயிடம் சொல்கிறான். படத்தின் மிக உயர்ந்த வசனம் அதுவே என்பது என் எண்ணம். எல்லாம் வல்லவனுக்கும் எல்லை உண்டு என்று அங்கே அவன் கற்கிறான், நாமும் கற்கிறோம். காலத்தைத் திருப்ப முடியும் என்றால் அந்த எல்லை எங்கே போயிற்று? லோயிஸுக்காகச் செய்ததை இனிமேல் இறக்கப்போகும் ஒவ்வொருவருக்காகவும் ஏன் செய்யக்கூடாது? டானர் வகுத்த மெய்போலத் தோன்றும் விதி, தந்திரக்காட்சிகளில் காக்கப்பட்டு, கதையின் அறத்தில் கைவிடப்படுகிறது.

இது எப்படி நேர்ந்தது என்பதற்குத் தயாரிப்பு வரலாற்றில் விடை இருக்கிறது. காலத்தைத் திருப்பும் முடிவு முதலில் இரண்டாம் படத்துக்காகத் திட்டமிடப்பட்டது. முதல் படம், விண்வெளியில் வீசப்பட்ட ஏவுகணையின் வெடிப்பில் அந்த மூன்று குற்றவாளிகள் விடுதலையாவதோடு தொக்கி நிற்க வேண்டும். காலமும் பணமும் நெருக்க, இரண்டாம் படத்தின் பெரும்பகுதியை எடுத்துமுடித்திருந்த நிலையில் அதை நிறுத்திவிட்டு, முதல் படத்தை முழுமையான முடிவோடு வெளியிடத் தீர்மானித்தார்கள். கையிலிருந்த மிகப் பெரிய முடிவை முன்னே கொண்டுவந்து வைத்தார்கள். வேறொரு கதைக்காக வெட்டிய சாவி இந்தப் பூட்டில் நுழைக்கப்பட்டது. 5.5 கோடி டாலர் செலவான படம் உலகெங்கும் 30 கோடி டாலர் ஈட்டியதால் அந்த முடிவை யாரும் அன்று கேள்வி கேட்கவில்லை. பின்னர் டானர் நீக்கப்பட்டு, ரிச்சர்ட் லெஸ்டர் இரண்டாம் படத்தை முடித்தார். பிராண்டோ நடித்த பகுதிகள் அதிலிருந்து அகற்றப்பட்டன. டானரின் காட்சிகளைக் கொண்டு 2006இல் வெளியிடப்பட்ட இரண்டாம் படத்தின் பதிப்பு, பழைய திட்டப்படியே காலத்தைத் திருப்பி முடிகிறது. ஒரே முடிவு இரு படங்களில் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கும்போது, அதற்கு உரிய இடம் இரண்டில் எதுவுமில்லையோ என்ற எண்ணமே எழுகிறது.

ஆயினும் ஒரு சிறு காட்சியை நான் விட்டுவிட முடியாது. காலம் திரும்பிய பின் சூப்பர்மேன் லோயிஸின் காரருகே வந்து இறங்குகிறான். அவளுக்கு எதுவும் தெரியாது. கார் நின்றுபோனதைப் பற்றியும், நிலம் அதிர்ந்ததைப் பற்றியும், அவன் வராததைப் பற்றியும் வழக்கமான படபடப்போடு குறைசொல்லிக்கொண்டே போகிறாள். அவள் இறந்ததை அறிந்தவன் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான். திரைக்கதை அதைப் பற்றி அவனுக்கு ஒரு சொல்லும் தரவில்லை, அந்த நினைவை வைத்துக்கொள்ள ஒரு தனிக் காட்சியும் தரவில்லை. ரீவ் காரின் மேல் சாய்ந்து நின்று அவள் பேசுவதை முழுவதும் கேட்கிறார். அவள் குறுக்கே குறுக்கே பேசுவதையும், அவள் எரிச்சலையும், அவள் மூச்சு வாங்குவதையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் எண்ணிக்கொள்பவரைப் போலப் பார்த்துப் புன்னகைக்கிறார். கதை செலுத்தாமல் விட்ட விலையில் ஒரு பகுதி அந்தப் பார்வையில் செலுத்தப்படுகிறது.